கரிக்காரர்களின் சவப்பெட்டி

எல் ஓர்னோ ஊரில் எலிஹியோவின் கத்தரிக்கோலுக்குத் தலை கொடுக்காத ஆண்பிள்ளை இல்லை. பாதிரியாருக்கும் அவர்தான், கட்சிச் செயலாளருக்கும் அவர்தான். இருவரையும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்காரவைத்து, வேலை முடியும்வரை ஊர் பேஸ்பால் அணியைத் திட்டுவார். அந்தக் கோடையில் அவர் முடி வெட்ட மறுத்தது ஒரே ஒருவனுக்கு. அவன் அந்த அணியில் ஆடுகிறவன், பெயர் ரெய்தெல்.

ஜூலை நடுவில் ஒருநாள், சட்டைக் காலரைத் தொடும் முடியோடு ரெய்தெல் கடைக்குள் வந்து உட்கார்ந்தான். எலிஹியோ துணியை உதறினார், போர்த்தவில்லை.

"எந்திரி."

"ஏன் அண்ணே?"

"கடைசியா எப்ப ஹிட் அடிச்ச?"

ரெய்தெல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தான். "ஜூலை ஆறு."

"தேதி மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. இன்னொண்ணு அடிச்சு, பிடிபடாம முதல் பேஸ்ல போய் நில்லு. அப்பறம் வா. அதுவரைக்கும் வளரட்டும்."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ரெய்தெல் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனான். அதன் பிறகும் அவனுக்கு ஹிட் விழவில்லை. நாற்பத்தாறு முறை மட்டையோடு போய் நாற்பத்தாறு முறையும் வெறுங்கையோடு திரும்பி வந்தான். முடி தோளுக்கு இறங்கிவிட்டது.

தோல்வி அவனுடையது மட்டும் இல்லை. முள்காட்டை வெட்டி, சூளை மூட்டிக் கரி எடுக்கும் ஊர் அது. அணிக்கும் அதனால் கரிக்காரர்கள் என்றே பெயர். அந்த வருஷம் எழுபத்துநான்கு ஆட்டங்களில் பதினெட்டில்தான் ஜெயித்திருந்தார்கள். கடைசிப் பதிமூன்றும் வரிசையாகத் தோல்வி. ஆடத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். ஹவானா வானொலியில் முடிவுகளை வாசிக்கிறவன் இவர்கள் பெயர் வரும்போது மட்டும் வேகமாக வாசித்தான். துக்க வீட்டில் செருப்பைக் கழற்றாமல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவன் மாதிரி.

தோற்பதை எலிஹியோ பொறுத்துக்கொள்வார். நாற்பது வருஷமாகப் பொறுத்தவர்தான். அவரை அரித்தது வேறு. நாலு ரன் பின்தங்கியதும் இவர்கள் பெஞ்சில் சாய்ந்து கடலை உரிக்க ஆரம்பித்தார்கள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள்.

"சாகறது தப்பில்ல," என்பார் சவரக் கத்தியைத் தோல்வாரில் தீட்டியபடி. "கையக் கால ஒதறாம சாகறானுங்க பாரு, அதான் தாங்கல."

இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் கண் ஒருமுறை கண்ணாடி அலமாரிக்குப் போய்வரும். அங்கே ஒரு பழைய சோப்புக் கிண்ணத்தில் ஒரு பந்து இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன் கரிக்காரர்கள் ஒரே ஒரு தடவை கோப்பை வாங்கினார்கள். தியோஹெனெஸ் என்கிற ராட்சதன் அடித்த அடி வேலி தாண்டி வந்து எலிஹியோவின் மடியில் விழுந்தது. பந்து கிடைப்பது அரிதான ஊரில், மேடைக்கு வரும் பந்தை மைதானத்துக்கே திருப்பி எறிவதுதான் மரியாதை. எலிஹியோவும் எறிந்தார். ஆட்டம் முடிந்ததும் தியோஹெனெஸ் அதே பந்தைக் கொண்டுவந்து வேலிக்கு மேலாக அவர் கையில் வைத்துவிட்டுப் போனான். அதன் பிறகு அந்தப் பந்தைத் தொடாமல் யாரும் கடையை விட்டு இறங்கியதில்லை. ஆயிரம் கை பட்டு அது பழுப்பேறி, தையலின் சிவப்பு மங்கி, நரைத்த புருவம் போலிருந்தது.

*

ஆகஸ்ட் முதல் வாரம், பூங்காவின் மூலையில் வழக்கமான கூட்டம் கூடியது. பேஸ்பாலைப் பற்றிக் கத்துவதற்கென்றே ஊர் விட்டுவைத்திருந்த இடம் அது. தச்சர் நிகானோர் இருந்தார். மருத்துவமனை நர்ஸ் ஒடிலியாவும் இருந்தாள். ஆட்டத்துக்கு ஆட்டம் மாட்டு மணியைக் கொண்டுவந்து அடிப்பவள்.

கடைசி ஆட்டத்தில் தோற்ற எதிரணிக்குச் சவப்பெட்டி தூக்கி, ஒப்பாரி வைத்து, ஊர்கோலம் போய்ப் புதைப்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

"இந்த வருஷமும் பெட்டி வேணும்," என்றார் எலிஹியோ.

"யாருக்குப்பா?" என்றார் நிகானோர். "நாமதான் யாரையும் சாகடிக்கலையே."

"நமக்குத்தான்."

ஒடிலியா மணியைக் கீழே வைத்தாள். "நமக்குன்னா? நானும் சேத்தா?"

"உனக்குப் பெட்டி செய்ய எங்கிட்ட அவ்வளவு நீளப் பலகை இல்ல," என்றார் நிகானோர்.

சிரிப்பு அடங்கியதும் எலிஹியோ இரண்டாவது விஷயத்தைச் சொன்னார். "அன்னிக்கு ஒரு பந்தும் திரும்பிப் போகக் கூடாது. நம்ம பக்கம் வர்றதெல்லாம் பெட்டிக்குள்ள போகணும். ஆடத் தெரியாதவனுக்குப் பந்து எதுக்கு?"

அந்த ஊரில் பேச்சை மீறலாம், வாக்கை மீறலாம். மேடைக்கு வந்த பந்தை வைத்துக்கொள்வது வேறு.

"திருட்டு இல்லையா அது?" என்றாள் ஒடிலியா.

"போராட்டம்."

"கைல பந்து இருந்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும்," என்றாள் அவள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நிகானோர் ஒரு பழைய கதவை அறுத்துப் பெட்டி செய்தார். கதவின் பித்தளைக் குமிழ் ஒரு பக்கத்தில் அப்படியே இருந்தது. "உள்ள இருக்கறவன் வெளிய வரணும்னா வசதியா இருக்கட்டும்" என்றார்.

கடைசி ஆட்டத்தன்று காலையில் எலிஹியோ கடையைத் திறக்கவில்லை. கிண்ணத்திலிருந்த பந்தை எடுத்தார், சவரத் துண்டால் ஒருமுறை துடைத்தார், கொண்டுபோய்ப் பெட்டிக்குள் அடியில் வைத்தார்.

நிகானோர் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுவுமா?"

"இதுதான் முதல்ல."

அந்தப் பந்து மண்ணுக்குள் போனால் இந்த மனிதர் இனி மைதானத்துப் பக்கம் வரமாட்டார் என்பது நிகானோருக்குப் புரிந்தது. நாற்பது வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்.

*

மின்சாரம் மிச்சமாக வேண்டும் என்று ஆட்டங்கள் எல்லாம் பகல் இரண்டு மணிக்கே தொடங்கின. வெயில் மேடையின் சிமெண்டில் கொதித்தது. எதிரணி கப்பல்காரர்கள், அடுத்த துறைமுகத்து ஆட்கள். அவர்களுடைய இடதுகைப் பிட்சர் தென்னை மரம் போல் நின்று எறிந்தான். எட்டு இன்னிங்ஸ் முடிவில் எட்டுக்குப் பூஜ்யம். கரிக்காரர்கள் கடலை உரித்தார்கள்.

போராட்டம் ஒழுங்காக நடந்தது. கோட்டுக்கு வெளியே சிதறி மேடைக்கு வந்த பந்து ஒவ்வொன்றும் கைமாறிக் கைமாறி மூன்றாவது பேஸ் பக்கத்து வேலியோரம் கிடந்த பெட்டிக்குள் போனது. ஒவ்வொரு பந்துக்கும் ஒடிலியா மணியை ஒருமுறை அடித்தாள், கோயில் மணி மாதிரி. குண்டு அம்பயர் இரண்டு தடவை வேலி வரைக்கும் வந்து கையை நீட்டிப் பார்த்தார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவன் விழுந்தால் ஆட்டமும் சீசனும் முடிந்தது. மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் ரெய்தெல்.

"வாடி மகராசி, கொண்டை போட்டுக்கிட்டு வா," என்று ஒரு குரல்.

"எலிஹியோ அண்ணே, அங்கயே போய் வெட்டிட்டு வாங்க, பாவம்."

எலிஹியோ சிரிக்கவில்லை. கிளம்பத் தயாராகச் சட்டைப் பையில் கத்தரிக்கோலைச் சரியாக அழுத்திவைத்தார். அது எப்போதும் அங்கேதான் இருக்கும்.

முதல் பந்து, ஸ்ட்ரைக். ரெய்தெல் அசையவே இல்லை. இரண்டாவதுக்கு வீசினான்; மட்டைக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு ஆள் புகுந்து போகலாம். மூன்றாவது ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட், வீட்டுக்குப் போகலாம். பலர் எழுந்துவிட்டார்கள்.

மூன்றாவது பந்தை ரெய்தெல் நுனியில் தொட்டான். அது பின்னால் எகிறி, மேடையின் தகரக் கூரை தாண்டி, ஆற்றில் விழுந்தது. கோட்டுக்கு வெளியே தட்டிய பந்தால் அவுட் கிடையாது. மறுபடி எறிய வேண்டும். பிட்சர் மறுபடி எறிந்தான். மறுபடி கூரை, மறுபடி ஆறு. அடுத்தது தாழ்வாக விலகிப் போனது, ரெய்தெல் தொடவில்லை. அதற்கடுத்தது உள்ளே சுழன்று வந்தது; வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு கைப்பிடியருகே தட்டினான். வேலியில் மோதியது. இன்னொன்று. இன்னொன்று.

எழுந்தவர்கள் நின்றபடியே இருந்தார்கள், நடக்கவில்லை.

"என்ன பண்றான் இவன்?" என்றார் நிகானோர்.

"சாக மாட்டேங்கறான்," என்றாள் ஒடிலியா.

ஒன்பதாவது பந்துக்குப் பிறகு கேலி நின்றது. பன்னிரண்டாவதுக்குப் பிறகு பேச்சே நின்றது. பிட்சர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். அவன் வேகமாக எறிந்தான், மெதுவாக எறிந்தான், காலடியில் எறிந்தான், கழுத்துக்கு எறிந்தான். விட வேண்டியதை ரெய்தெல் விட்டான். விட முடியாததைத் தொட்டான். அவன் முடி வியர்வையில் கழுத்தோடு ஒட்டிக்கிடந்தது. நாற்பத்தாறு முறை தோற்றவனின் முகம் இல்லை அது. ஜெயிக்கப் போகிறவனின் முகமும் இல்லை. பாறை உடைக்கிறவன் அடுத்த அடியை மட்டும் பார்ப்பானே, அந்த மாதிரி.

எட்டு ரன் பின்தங்கி, ஆளில்லாத பேஸ்களோடு, ஒன்றுக்கும் உதவாத ஒரு ஆட்டத்தின் கடைசி மூலையில் இது நடந்துகொண்டிருந்தது. பெஞ்சிலிருந்த கரிக்காரர்கள் கடலைப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கட்டில் வந்து நின்றார்கள். கப்பல்காரர்களும் தங்கள் பக்கத்தில் எழுந்து நின்றார்கள்.

பதினாறாவது பந்தும் ஆற்றுக்குப் போனது. அம்பயர் இடுப்புப் பையில் கையை விட்டார். பையைத் தலைகீழாக்கி உதறினார். பந்து இல்லை.

இரண்டு பெஞ்சிலும் கேட்டார்கள். அங்கும் இல்லை. ஒலிபெருக்கியில் ஒரு குரல் தயங்கித் தயங்கிச் சொன்னது: "பந்து வச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு திருப்பிக் குடுங்க. இல்லைன்னா ஆட்டத்த இதோட முடிக்க வேண்டியதுதான்."

ரெய்தெல் மட்டையை இறக்கவில்லை. யாரையும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கோட்டில் காலை ஊன்றி அப்படியே நின்றான்.

மேடை முழுவதும் எலிஹியோவைப் பார்த்தது. போராட்டம் அவருடையது. இத்தனை மாதமாக எதைக் கேட்டுக் கத்தினாரோ அது அவர் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது. அதை நிறுத்திவைத்திருப்பது அவர் கை.

"என்ன பாத்துட்டு நிக்கற?" என்றாள் ஒடிலியா. "பெட்டியத் தொற."

அவரும் நிகானோருமாகப் பெட்டியைத் தூக்கி, வேலியின் மேல் சாய்த்துக் கவிழ்த்தார்கள். பதினோரு பந்துகள் சிவப்பு மண்ணில் உருண்டோடின. மேடையின் வேறு பகுதிகளிலிருந்தும் ஒன்றிரண்டு வந்து விழுந்தன. பெட்டிக்குக் கொடுக்காமல் மறைத்து வைத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். பந்து எடுத்துக்கொடுக்கிற ஆள் எல்லாவற்றையும் கூடையில் அள்ளிக்கொண்டு ஓடினான்.

பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. இப்போது மேடைக்கு வந்த பந்து தரையைத் தொடுவதற்குள் திரும்பிப் பறந்தது. யாரும் கத்தவில்லை. மூன்று பந்து விலகிப் போயிருந்தது. நாலாவதும் விலகினால் ரெய்தெல் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். பிட்சர் அதைச் செய்திருக்கலாம். செய்யவில்லை. அவனும் இந்தப் பிடிவாதத்துக்குள் வந்துவிட்டான்.

இருபத்துமூன்றாவது பந்துக்காக அம்பயர் கூடையில் கையை விட்டு ஒன்றை எடுத்தார். அந்தச் சீசனின் பந்துகள் எல்லாமே மண்ணேறிப் பழுத்தவைதான். அவர் அதை உள்ளங்கையில் ஒருமுறை தேய்த்துவிட்டு பிட்சருக்கு வீசினார். வெயிலில் அது திரும்பியபோது எலிஹியோ பார்த்தார். மங்கிப்போன தையல். நரைத்த புருவம்.

பெட்டிக்குள் அடியில் வைத்ததை அவர் மறந்தே போயிருந்தார்.

கையைத் தூக்கினால் போதும். அம்பயர் நிறுத்துவார், பந்து திரும்பி வரும். பத்தொன்பது வருஷம் கிண்ணத்தில் கிடந்து உள்நூல் தளர்ந்த பந்து அது. செத்த பந்து. எவ்வளவு நன்றாக அடித்தாலும் பறக்காது என்பது அவருக்குத் தெரியும். வலது கை தோள்வரை எழும்பியது.

ஐயாயிரம் பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது. அந்த மைதானத்தில் இருந்துகொண்டு அந்தச் சத்தத்தை எலிஹியோ அதுவரை கேட்டதே இல்லை. அந்த அமைதியை உடைக்கிற ஆளாக இருக்க அவரால் முடியவில்லை. கை இறங்கியது.

பிட்சர் எறிந்தான். நேராக, வேகமாக, ஒளித்துவைக்க எதுவும் இல்லாமல்.

ரெய்தெல் முழு உடம்போடு திரும்பினான். சத்தம் மொத்தென்று கேட்டது. ஆனாலும் பந்து எழுந்தது. நடு மைதானத்துக்கு மேல் எழுந்து எழுந்து, வெயிலுக்குள் போய்ச் சிறுத்தது. தியோஹெனெஸின் பந்து போன அதே வழி. நடுவில் நின்ற கப்பல்காரன் முதுகைக் காட்டி ஓடினான். வேலியைத் தொட்டான். அங்கே, வேலிக்கு ஒரு சாண் முன்னால், எதையோ யோசித்ததுபோல் பந்து நின்று இறங்கியது. அவன் குதித்துப் பிடித்தான்.

அவுட். சீசன் முடிந்தது.

முதலில் கை தட்டியது பிட்சர்தான், கையுறையை இடுப்பில் அடித்து. அதற்குப் பிறகு எழுந்த சத்தம் கரிச்சூளைகள் வரைக்கும் கேட்டதாக அப்புறம் சொன்னார்கள். ஒடிலியா மணியை அடிக்க மறந்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். எலிஹியோ கை தட்டவில்லை. வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிடித்தவன் பந்தைக் கொண்டுவந்து ரெய்தெலிடம் கொடுத்தான். ரெய்தெல் அதைக் கையில் ஏந்தி எடை பார்த்தான், கட்டைவிரலால் அழுத்தினான். பிறகு மூன்றாவது பேஸ் பக்கத்து வேலிக்கு நடந்து வந்தான்.

"இது உங்க கடைப் பந்து தானே அண்ணே?"

"ஆமா."

"மட்டைல பட்டப்பவே தெரிஞ்சுது. அழுகின மாம்பழத்த அடிச்ச மாதிரி."

"எனக்கு முன்னாடியே தெரியும்," என்றார் எலிஹியோ. "அம்பயர் எடுத்துக் குடுத்தப்பவே பாத்துட்டேன். கையக் காட்டியிருந்தா மாத்தியிருப்பாங்க. காட்டல."

ரெய்தெல் பந்தைக் கையில் திருப்பிப் பார்த்தான்.

"வேற பந்தா இருந்தா வேலி தாண்டியிருக்கும்," என்றான்.

"தாண்டியிருக்கும்."

"அப்ப ஏன் காட்டல?"

"நீ நின்னுட்டிருந்த," என்றார் எலிஹியோ. "அத யாரும் தொடக் கூடாதுன்னு பட்டுது."

ரெய்தெல் பந்தை வேலிக்கு மேலாக நீட்டினான். எலிஹியோ வாங்கிக்கொண்டார். இரண்டாவது தடவை.

"ஹிட் விழலையே அண்ணே," என்றான் ரெய்தெல். "முடி இப்படியே இருக்கட்டுமா?"

"இவரக் கேக்காத," என்றாள் ஒடிலியா. "இவரு இன்னிக்குக் கடையே தொறக்கல. துக்கமாம்."

எலிஹியோ வேலிக் கதவைத் திறந்து உள்ளே போனார். பெட்டியையும் இழுத்துவரச் சொல்லிக் கோட்டோரமாகக் கவிழ்த்துப் போட்டார். "உக்காரு."

"இதுலயா?"

"கதவுதாம்ப்பா அது," என்றார் நிகானோர். "தைரியமா உக்காரு."

ரெய்தெல் உட்கார்ந்தான். எலிஹியோ தன் சட்டையைக் கழற்றி அவன் கழுத்தைச் சுற்றிப் போர்த்தி, கத்தரிக்கோலை எடுத்தார். வீட்டுக்குப் போக வேண்டிய கூட்டம் வேலியோரம் வந்து நின்றது. கப்பல்காரர்களின் பஸ் கிளம்பாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய பிட்சர் இன்னும் கோட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சே இல்லாமல் வெட்டினார் எலிஹியோ. நாற்பது வருஷத்தில் அவர் பேசாமல் முடி வெட்டியது அன்றுதான்.

வெட்டி முடித்ததும் நிகானோர் பெட்டியை நிமிர்த்தினார். மண்ணில் கிடந்த முடியை எல்லாம் ஒடிலியா கூட்டி அள்ளி உள்ளே போட்டாள். ஊர்கோலம் வழக்கம்போல் பூங்கா வரைக்கும் போனது. மாமரத்தடியில் குழி தோண்டி அந்த முடியைப் புதைத்துவிட்டு, பெட்டியை நிகானோர் தலையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போனார். எலிஹியோவின் கால்சட்டைப் பையில் பந்து ஒரு பக்கமாகப் புடைத்துக்கொண்டிருந்தது.